சொந்த மாட்டுக்கு விலை பேசாதவள்

"உங்களுக்கு என்னன்னு எழுதியிருக்கானுங்க?"

"நீ முதல்ல உன்றதைப் படி அம்மணி."

"இல்லீங்க, நீங்க படிங்க. எனக்கு வந்ததுல என்னமோ நெருடுது."

செவ்வாய்க்கிழமை காலை, பொள்ளாச்சியில் கோகிலவாணியின் சமையலறை. அவள் கணவன் சம்பத் அப்போதுதான் பால் டேங்கரை நிறுத்திவிட்டு வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. முன்னால் வைத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது. அவன் கைப்பேசியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"ஒரே வரிதான். இழப்பீட்டை ஏத்துக்கிறீங்களான்னு கேட்டான். வேண்டாம்னு தட்டினேன். மறுபடி கேட்டான். மறுபடியும் வேண்டாம்னேன். மூணாவதாக் கேட்டான்."

"அப்புறம்?"

சம்பத் ஆடையை விரலால் ஒதுக்கினான்.

"சரின்னுட்டேன்."

ஏழ்குன்றம் என்ற இணைய விளையாட்டில் இருவரும் ஏழு வருடமாக இருந்தார்கள். நாற்பது லட்சம் பேர் ஆடுகிற ஆட்டம். குன்றில் ஊர் கட்டலாம், சந்தை போடலாம், பக்கத்துக் குன்றோடு சண்டைக்கும் போகலாம். கோகிலவாணியின் குழுவுக்குச் செவலைப் படை என்று பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அவள்தான் தலைவி. நிஜத்தில் அவள் மாட்டுச் சந்தையில் தரகர். சந்தையில் பெண் தரகர் அவள் ஒருத்திதான் என்பதால், ஆட்டத்திலும் அந்த அதட்டல் அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் ஏழ்குன்றம் திடீரென்று நின்றது. இருபத்து மூன்று நாள் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் நிறுவனம் வாயைத் திறந்தது. யாரோ உள்ளே புகுந்து தகவல்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். கவலைப்பட ஒன்றுமில்லையாம். பெயர், பிறந்த நாள், முகவரி, அவ்வளவுதானாம். அதற்கு இழப்பீடாக ஒரு மாதம் இலவச ஆட்டம், இரண்டு கோட்டை, ஒரு வெள்ளைக் குதிரை.

"குதிரைக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்க விடுவானுங்களா?" என்று கோகிலவாணி அன்றைக்கே கேட்டாள். படையே சிரித்தது.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கு வந்த கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். "இருநூறு பேரை வழிநடத்தும் பொறுப்பானவர் நீங்கள். எங்களுக்கு வேறு யாருமில்லை. உங்களை நம்பித்தான் இருக்கிறோம்."

"நல்லாத்தான எழுதியிருக்கான்?"

"அதான் நெருடுது. படிச்சதும் விரல் தானாச் சம்மதத்துக்குப் போயிருச்சுங்க. பால் பொங்கி வழிஞ்சுது, அதுல தப்பிச்சேன்." அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். தோள்பட்டையில் கிழிசல், புளிய இலைத் துணுக்கு. "வண்டி எங்க உரசுச்சு?"

"உடுமலை ரோட்டுல. கண்ணு ஒரு நொடி சொருகிருச்சு. புளியமரம் பக்கவாட்டுல இழுத்துட்டுது. ஒண்ணும் ஆகலை."

"ரெண்டு லோடோட வந்துடறேன்னு சொன்னீங்களே."

"ஆபீசுல மூணாவது லோடு கேட்டாங்க. முடியாதுன்னேன். கேட்டாங்க. முடியாதுன்னேன். அப்புறம்…"

"மூணாவதாக் கேட்டாங்க."

சம்பத் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான்.

*

சந்தையில் ரஹமத் பாய் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கம்பத்தில் நின்று தரகு செய்கிறவர்கள். அவரும் செவலைப் படைதான். அவளைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் சம்பத்தை மச்சான் என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வார். இன்றைக்கு முகத்தில் கிண்டலைக் காணோம்.

"தங்கச்சி, இதைப் பாருங்க. களவு போனதை எவனோ ஊருக்கே திறந்து வச்சுட்டான். யார் நம்பரைப் போட்டாலும் ஒரு வரி வருது."

அவர் தன் எண்ணைப் போட்டார். திரையில் எழுத்து தெரிந்தது. *பகல் சாப்பாட்டுக்கு முன் கேட்டால் இணங்குவார்.*

"என்னங்க பாய் இது?"

"சாவியாம். அப்படித்தான் சொல்றாங்க. ஏழு வருஷமா அந்த ஆட்டம் நம்மகிட்ட எதையாவது கேட்டுக்கிட்டே இருந்துச்சில்ல? இந்தக் கோட்டையை வாங்கறியா, அந்த வாளை வாங்கறியா, பக்கத்துக் குன்றுக்கு உதவி பண்றியான்னு? எப்படிக் கேட்டா எவன் தலையாட்டறான்னு குறிச்சு வச்சிருக்கான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சாவி. அதுதான் திருடு போயிருக்கு. பேரும் முகவரியும் சும்மா சொன்னது."

"உங்களுக்கு இழப்பீட்டுக் கடுதாசி எப்ப வந்துச்சு?"

"பன்னெண்டே முக்காலுக்கு." ரஹமத் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "பிரியாணிப் படத்தோட. ஒப்புத்துக்கிட்டுத்தான் சாப்பிடவே போனேன்."

சிரிக்கிற நேரமில்லை என்று தெரிந்தும் அவளால் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டுச் சம்பத்தின் எண்ணைப் போட்டாள். *மூன்றாவது முறை கேட்டால் இணங்குவார்.* சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. டேங்கர் ஆபீசில் யாரோ இதே எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு தன் எண்ணையும் போட்டாள். *'உங்களை நம்பித்தான்' என்றால் இணங்குவார்.*

"இப்பத் தெரிஞ்சுபோச்சில்ல? இனி ஏமாற மாட்டோம்" என்றார் ரஹமத் பாய்.

"உங்களுக்குத்தான் தெரியுமே. இப்ப மணி பதினொண்ணரை. யாராவது ஏதாவது கேட்டா இல்லேன்னு சொல்லுவீங்களா?"

அவர் வயிற்றைத் தடவினார். "சிரமந்தான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஒப்புத்துக்கிட்டா, மிச்சப் பத்துப் பேரையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்னு கோர்ட்டுல சொல்லியிருக்கு. அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது. சாவி அவனுங்க கையிலேயே இருக்கும். இப்ப எத்தனை?"

நீதிமன்றம் சொல்லியிருந்ததால் நிறுவனம் அந்த எண்ணிக்கையைத் தன் பக்கத்தில் காட்ட வேண்டியிருந்தது. ரஹமத் பாய் பார்த்துச் சொன்னார்.

"எண்பத்தாறு."

*

அன்றைக்கு ரஹமத் பாய் தன் சொந்தச் சாம்பல் நிற மயிலைக் காளை ஜோடியை விற்பதாக இருந்தது. அதனால் பேச்சு கோகிலவாணியுடையது. அவர்கள் இருவருக்குள்ளும் அது பழைய ஏற்பாடு. தன் மாட்டுக்குத் தான் விலை பேசுவதில்லை. அடுத்த கம்பத்துக்காரரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டை ஒரே ஒரு தடவை கோகிலவாணி மீறினாள். ஆறு வருடத்துக்கு முன்னால், ரஹமத் பாய் ஊரில் இல்லாத ஒரு வியாழக்கிழமை, தன் செவலைப் பசுவுக்குத் தானே துண்டு போட்டு விலை பேசினாள். வந்தவன் கண் கலங்கி, "உங்களை நம்பித்தானுங்க வந்தேன்" என்றான். அவன் கேட்ட விலைக்கே, மாட்டோடு கயிறு, மணி, ஒரு மூட்டைத் தவிடு எல்லாம் கொடுத்து அனுப்பினாள். சந்தையே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. படைக்குச் செவலை என்று பெயர் வைத்ததே அந்தத் துக்கத்தில்தான்.

மயிலைகளைப் பார்க்க வந்த ஆனைமலைக்காரர், மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டார். கோகிலவாணி அதைக் கவனித்தாள். அவர் கையைப் பிடித்துத் துண்டை மேலே போட்டாள். உள்ளே விரல்கள் பேசத் தொடங்கின. அவள் நான்கு விரலைப் பிடித்தாள், அவர் இரண்டைத் தாண்டவில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, உங்களை நம்பித்தானுங்க விடியக்காலையிலயே கிளம்பி வந்தேன்."

கோகிலவாணி தனக்குள் உற்றுக் கேட்டாள். நெஞ்சு இளகுகிறதா? இல்லை. கை தளர்கிறதா? இல்லை. உள்ளே ஒன்றும் அசையவே இல்லை.

"என்னை நம்பி வந்தீங்க, சந்தோசமுங்க. மாடு பாயோடதாச்சே" என்றாள். அதே நான்கு விரலை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

ஆனைமலைக்காரர் மறுபடி கைப்பேசியைப் பார்த்தார், அது பழுதாகிவிட்டதோ என்கிற மாதிரி. கடைசியில் நான்குக்கே ஒப்புக்கொண்டார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். "பாய்! சாவி பூட்டுல சேரலை!"

"என்ன தங்கச்சி?"

"அந்த ஆட்டத்துல நாம நமக்காகத்தான ஆடினோம்? நமக்காகப் பேசறப்ப நாம எங்க வழுக்குவோம்னுதான் அதுக்குத் தெரியும். அடுத்தவங்களுக்காகப் பேசறப்ப நாம வேற ஆளுங்க. என்ற மாட்டுக்கு நான் கோழை. உங்க மாட்டுக்கு நான் கறாரு!"

ரஹமத் பாய் அவளையே பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். "நீங்க சொல்றது சரின்னுதான் படுது. ஆனா நான் இன்னும் சாப்பிடலை, அதனால கேக்கறதுக்கெல்லாம் சரின்னுதான் சொல்லுவேன். சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்."

சாப்பிட்டுவிட்டு வந்தும் சரி என்றார்.

*

ஏழ்குன்றத்தில் காரியக்காரர் என்று ஒரு வசதி உண்டு. வெளியூர் போகிறவர், தன் குன்றைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆட்டக்காரரை அமர்த்திவிட்டுப் போகலாம். இழப்பீட்டு ஒப்பந்தத்தை எழுதியவர்கள் பழைய விதிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். 'வாடிக்கையாளரோ, அவர் அமர்த்திய காரியக்காரரோ' ஏற்கலாம், மறுக்கலாம், ஏற்றதைத் திரும்பப் பெறலாம். கோகிலவாணி அந்த வரியை மூன்று தடவை படித்தாள்.

"நான் பாய்க்குக் காரியக்காரி" என்றாள் சாயங்காலம். "பாய் உங்களுக்குக் காரியக்காரர். ஏழ்குன்றத்துக்கு மட்டுமில்லை, உங்க ஆபீஸ் ஃபோனையும் இனி அவருதான் எடுப்பாரு."

"உனக்கு யாரு?" என்றான் சம்பத்.

"நீங்கதான்."

ரஹமத் பாய்க்குத் தேநீர் புரையேறியது. "தங்கச்சி! நீங்கதான் படைத் தலைவி. அவனுங்க முதல்ல உங்களைத்தான் சாய்க்கப் பார்ப்பானுங்க. மச்சான் மூணாவது தடவையில… கோவிச்சுக்காதீங்க மச்சான்… தலையாட்டிட்டா நம்ம கதை முடிஞ்சுது."

சம்பத் கோபித்துக்கொள்ளவில்லை. "அவரு சொல்றது சரிதான் கோகிலா. நான் அப்படிப்பட்டவன்தான்."

"உங்களுக்காகன்னா அப்படித்தான். எனக்காக நீங்க யார்கிட்டயாவது எதையாவது பேசிப் பார்த்திருக்கீங்களா?"

சம்பத் யோசித்தான். "நீ எங்க என்னைப் பேச விட்ட?"

அன்று மாலையே அவள் படைக்குக் குரல் செய்தி அனுப்பினாள். அடுத்த நாட்களில் நாட்டின் எந்தெந்த மூலையிலோ திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட குரல் அது. பின்னணியில் ஒரு மாடு கத்துவதும் அதில் பதிவாகியிருந்தது.

"செவலைப் படையே, கேளுங்க. உங்க மாட்டுக்கு நீங்க விலை பேசாதீங்க. பக்கத்து ஆளுகிட்டக் கயித்தைக் கொடுங்க. அவரு மாட்டை நீங்க பிடிச்சுக்குங்க. காரியக்காரர்னு ஒரு பொத்தான் இருக்குது, அதைத் தட்டுங்க. ஏற்கெனவே ஒப்புத்துக்கிட்டவங்க வெட்கப்பட வேண்டாம். என்ற வூட்டுக்காரரே ஒப்புத்துக்கிட்டவருதான். உங்க காரியக்காரர் அதைத் திருப்பி வாங்குவாரு. அப்புறம், உங்க ஃபோனையும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குங்க. வூட்டு ஓனர் வாடகை கேட்டாலும் சரி, முதலாளி வேலை நேரம் கேட்டாலும் சரி, உங்க விஷயத்துக்கு நீங்க வாயைத் திறக்காதீங்க."

புதன்கிழமை சாயங்காலம் எண்பத்து மூன்று. மூன்றுதான் குறைந்திருக்கிறதே என்று ரஹமத் பாய் முகம் சுளித்தார். வியாழக்கிழமை காலையில் எழுபத்திரண்டு. முகம் மலர்ந்தது. பேருந்தில் ஒரு பெண் பக்கத்து இருக்கைக்காரியின் கைப்பேசியைக் காதில் வைத்து, "அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவுதான், வேற பேச்சில்ல" என்று யாருக்கோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கோகிலவாணி பார்த்தாள். அந்தப் பக்கத்து இருக்கைக்காரி முதல் பெண்ணின் கைப்பேசியில் அவள் வீட்டு வாடகையைப் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் ஏழ்குன்றம் நிறுவனம் சம்பத்தைக் கூப்பிட்டது. மனுசக் குரல் இல்லை, ஆனால் மனுசரைவிட இனிமையான குரல். சம்பத் ஒலிபெருக்கியில் போட்டான். ரஹமத் பாய் எதிரே உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள்.

"கோகிலவாணி அவர்களின் காரியக்காரரா? உங்களை நம்பித்தான் இருக்கிறோம் ஐயா."

"என்னையவா? எதுக்குங்க?" என்றான் சம்பத், நிஜமாகவே புரியாமல்.

குரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு வழியை மாற்றிக்கொண்டது.

"கோகிலவாணி அவர்கள் சார்பில் இழப்பீட்டை ஏற்கிறீர்களா?"

"இல்லீங்க."

"ஏற்கிறீர்களா?"

"இல்லீங்க."

அடுப்படியில் மத்து நின்றது. ரஹமத் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏற்கிறீர்களா?"

சம்பத் எழுந்து நின்றான். அடுப்படி வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"இல்லீங்க" என்றான். "இங்க பாருங்க, எனக்குன்னா எப்பவோ தலையாட்டியிருப்பேன். இது என்ற வூட்டுக்காரி விஷயம். அவ செவலையைக் கொடுத்துட்டு ஒரு வாரம் சோறு திங்காம இருந்தவ. இன்னொருக்கா அவளை எவனும் அப்படி ஏமாத்த நான் விடமாட்டேன். நீங்க எத்தனை தடவை வேணாலும் கேளுங்க. எனக்கு இன்னிக்கு லீவு."

குரல் பதினொரு தடவை கேட்டது. பதினொன்றுக்கும் அதே பதில்தான். ஒவ்வொரு 'இல்லீங்க'வுக்கும் அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வந்தது. கடைசியில் குரல், "நன்றி, வணக்கம்" என்று தானே துண்டித்துக்கொண்டது.

"மச்சான்!" ரஹமத் பாய் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். "மெசினையே ஓட விட்டுட்டீங்களே!"

கோகிலவாணி பருப்பில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் எண்ணிக்கை நாற்பத்தொன்று. பத்து மணிக்கு ஏழ்குன்றம் நிறுவனத்திலிருந்து ஒரு நிஜப் பெண் பேசினாள். வாடிக்கையாளர் நலப் பிரிவின் தலைவி நிரஞ்சனா. மூன்று மணிக்குக் கோயமுத்தூர் அலுவலகத்துக்கு வர முடியுமா? கார் அனுப்பட்டுமா?

"பஸ்சுலயே வந்துக்கறோமுங்க" என்றாள் கோகிலவாணி.

கோயமுத்தூர் போய்ச் சேருவதற்குள் ரஹமத் பாய் இரண்டு தடவை சாப்பிட்டுக்கொண்டார். "பாதுகாப்புக்கு" என்றார்.

கண்ணாடி அறை, நீள மேசை. சுவரில் பெரிய திரை, அதில் நிறுவனத்தின் தலைவர். எங்கோ வெளிநாட்டில், விலை உயர்ந்த நாற்காலியில் இருந்தார். கூரையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கண்கள். நிரஞ்சனாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கமில்லாத முகம். சம்பத்தின் முகம் மாதிரியே இருந்தது.

"மேல இருக்கறதெல்லாம் என்னங்க?" என்றாள் கோகிலவாணி.

"பேசறவங்களோட முகத்தை, குரலைப் பார்த்து, அடுத்து என்ன சொன்னா நல்லதுன்னு சாருக்குச் சொல்லும்."

"அப்படிங்களா. அப்ப நான் துண்டு போட்டுத்தான் பேசுவேன்."

"புரியலைங்க."

"கோரிக்கை மூணு. அதை முன்னாடியே சொல்லிடறேன். ஒண்ணு, சாவி மொத்தத்தையும் அழிக்கணும், இனி செய்யவே கூடாது. ரெண்டு, சாவி களவு போன நாள்ல இருந்து எவனாவது அதை வச்சு எங்க ஆளுககிட்ட எழுதி வாங்கியிருந்தா, அந்த எழுத்தை உடைக்கிற கேசு செலவு பூரா உங்களோடது. மூணு, உங்க தலைவர் சாவியையும் எங்களுக்குத் தரணும். எங்களோடது ஊருக்கே தெரிஞ்சுபோச்சில்ல? அதுதான் நேர்மையான இழப்பீடு. குதிரை வேண்டாம்." அவள் துண்டை விரித்தாள். "உங்க கையைக் கொடுங்க அம்மணி. ஒரு விரலைப் பிடிச்சா முதல் கோரிக்கை, ரெண்டு விரல்னா ரெண்டாவது. உள்ளங்கையைத் தட்டினா சம்மதம். எதிராளி விரலை மடக்கி முஷ்டியாக்கிட்டா, 'பொறு, வாயைத் திறக்காதே'ன்னு அர்த்தம். அவ்வளவுதான் பாஷை."

"இது விதியில் உண்டா?" என்றார் திரையிலிருந்த தலைவர்.

"கூடாதுன்னு இல்லையேங்க" என்றார் ரஹமத் பாய், வயிறு நிறைந்தவரின் தெளிவோடு.

நிரஞ்சனா தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். துண்டுக்குள் அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"கோகிலவாணி அம்மா" என்று தலைவர் குரலைக் குழைத்தார். "நாற்பது லட்சம் குடும்பம். உங்களை நம்பித்தான் இருக்கிறோம்."

"அது என் விஷயமுங்க. என் விஷயத்தை என்ற வூட்டுக்காரருதான் பேசுவாரு. நேத்து உங்க மெசின்கூடப் பதினோரு தடவை பேசியிருக்காரே, சொல்லலீங்களா? நான் இங்க வந்தது பாய்க்காக."

தலைவர் கீழே எதையோ பார்த்தார். அது உதவவில்லை போலிருந்தது. மணி நாலு. எண்ணிக்கை முப்பத்தாறு. ஐந்து மணிக்குத் தொண்ணூறு இல்லாவிட்டால் ஒப்பந்தமே செத்துப்போகும். நாற்பது லட்சம் பேரும் தனித்தனியாக வழக்குப் போடலாம். முதல் கோரிக்கைக்கு அவர் அரை மணி நேரம் சுற்றிவளைத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். நிரஞ்சனா உள்ளங்கையைத் தட்டினாள்.

"இரண்டாவது முடியவே முடியாது. எத்தனை பேர் எங்கே எதில் கையெழுத்துப் போட்டார்களோ, அதற்கெல்லாம் நாங்கள் எப்படிப் பொறுப்பு?"

கோகிலவாணியின் வாயில் பதில் தயாராக இருந்தது. புளியமரம், டேங்கர், சிவந்த கண் எல்லாம் அதில் இருந்தன. வாயைத் திறந்தாள்.

துண்டுக்குள் சில்லென்ற அந்த விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கின. முஷ்டியாக்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

கோகிலவாணி வாயை மூடினாள். நிரஞ்சனாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைக் கண்கள் அந்த முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். ரஹமத் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"ஏதாவது சொல்லுங்கள்" என்றார் தலைவர்.

அவள் சொல்லவில்லை.

"செலவில் பாதியை வேண்டுமானால் யோசிக்கலாம்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தலைவர் நாற்காலியில் இப்படியும் அப்படியும் அசைந்தார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிசப்தம் அறையில் ஒரு மாடு மாதிரி படுத்துக்கொண்டது. எழுப்ப ஆளில்லை.

"முக்கால் பங்கு" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "சரி, முழுவதும். எழுதிக்கொள்ளுங்கள்! ஆனால் மூன்றாவது மட்டும் கிடையாது. என்னைப் பற்றிய எதையும் தரமாட்டேன்."

உள்ளங்கையில் மெல்ல ஒரு தட்டு.

"சரிங்க" என்றாள் கோகிலவாணி. "மூணாவதை விட்டுட்டேன்."

நாலு ஐம்பதுக்குக் கையெழுத்தானது. ஐந்துக்குள் புதிய ஒப்பந்தம், நள்ளிரவு வரை புதுக் கெடுவோடு, நாற்பது லட்சம் பேருக்கும் போனது. காரியக்காரர்கள் படித்தார்கள், சிலர் இரண்டு தடவை. அடுத்தவர் பொருளாயிற்றே. எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஐம்பது, எழுபது, தொண்ணூற்றேழு. பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவர் அவள் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "செவலை அக்காங்களா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அங்கே எழுந்த விசிலில் மூன்று பேருந்துகள் தாமதமாகின. தேநீர்க் கடைக்காரர் கண்ணாடி கிளாசைத் தட்டித் தாளம் போட்டார்.

பொள்ளாச்சிப் பேருந்தில் உட்கார்ந்ததும் ரஹமத் பாய் பொறுக்க மாட்டாமல் கேட்டார். "எல்லாம் சரி தங்கச்சி. மூணாவதை ஏன் விட்டீங்க? இன்னும் கொஞ்சம் பிடிச்சிருந்தா அவரோட சாவியும் கிடைச்சிருக்குமே?"

"அது முன்னாடியே கைக்கு வந்துருச்சுங்க பாய்."

"எப்ப? யாரு கொடுத்தா?"

"துண்டுக்குள்ள நடந்ததை வெளிய சொல்ற தரகரை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

மேசைக்கடியில் மிதிபட்ட தன் காலை ரஹமத் பாய் ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, சிரிக்கத் தொடங்கினார்.

*

சனிக்கிழமை காலை எட்டு மணி. சம்பத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கட்டிலில், காலை நீட்டி, குறட்டையோடு. அடுத்த தெருவில் ரஹமத் பாய் போடும் சத்தம் கோகிலவாணியின் சமையலறை வரை கேட்டது.

"யாரு, டேங்கர் ஆபீசா? மூணாவது லோடா? இல்லீங்க… இல்லீங்க… நீங்க மூணு தடவை என்ன, முந்நூறு தடவை கேளுங்க. நான் இப்பத்தான் பத்து இட்லி சாப்பிட்டு உட்கார்ந்திருக்கேன்!"

கோகிலவாணி சிரித்துக்கொண்டே ஏழ்குன்றத்தைத் திறந்தாள். அவள் குன்றின் மேல் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. வேண்டாமென்று சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். அதன் கீழே ஒரு செய்தி காத்திருந்தது. காரியக்காரராக ஏற்கும்படி ஒரு விண்ணப்பம்.

அனுப்பியவர் பெயர் நிரஞ்சனா.

"ஊழியர் எல்லாரும் ஆடியே ஆகணும்னு எங்க விதி. எனக்கும் ஏழு வருசமா ஒரு சாவி இருக்கு. அதை வச்சுத்தான் எனக்கு வேலை நேரம் போட்டாங்க, சம்பளம் போட்டாங்க, வெள்ளிக்கிழமை உங்க எதிர்ல உட்காரவும் வச்சாங்க. இப்ப என் வேலையைப் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. எனக்காக நான் பேசினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நீங்க வருவீங்களா?"

நிரஞ்சனாவின் எண் அதிலேயே இருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரு வரி வரும். களவுச் சாவிகளைக் காட்டும் அந்த இணையப் பக்கம் இன்னும் மூடப்படவில்லை.

கோகிலவாணி போட்டுப் பார்க்கவில்லை. ஏற்கிறேன் என்பதைத் தட்டினாள். கொடியில் காய்ந்த துண்டை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுதினாள்.

"எத்தனை மணிக்கு வரணுமுங்க?"